பெரியண்ணி நின்ற இடம்

எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்த அண்ணனின் மனைவி பெரியண்ணி, இளைய அண்ணனின் மனைவி சின்னண்ணி. அம்மாவுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள். இருவரும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில், ஒரே தரப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறார்கள். ஓரகத்திகள் இருவரை வீட்டிலும் ஒன்றாக வைத்து, வேலையிலும் ஒன்றாக வைத்தது யாருடைய யோசனை என்று கேட்டால் பெரியண்ணி தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள். யோசனை அவளுடையதுதான்.

பெரியண்ணி பொறாமைக்காரி. இதை நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், அவளே எல்லோரிடமும் சொல்வாள். பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் பென்சில் டப்பா காந்த மூடி போட்டது. ‘டப்’பென்று மூடும் அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். அவளுடைய தங்கைக்குச் சுருட்டை முடி. கல்யாணத்தன்று என் அண்ணன் கட்டியிருந்த கைக்கடிகாரம் தன்னுடையதைவிட நன்றாக இருப்பதைப் பார்த்து மாலையோடு முகம் சுளித்தாளாம். புகைப்படத்தில் அந்தச் சுளிப்பு இருக்கிறது.

“மாப்பிள்ளை மேலயே பொறாமைப்பட்ட பொண்ணு நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்,” என்பாள்.

“அந்த வாட்சை அடுத்த மாசமே பிடுங்கிக் கட்டிக்கிட்டா,” என்பான் அண்ணன்.

வேதியியல் படித்துவிட்டுத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில்தான் முதலில் சேர்ந்தாள். பட்டம் வாங்கியவள் என்பது தெரிந்து, சில வருடங்கள் கழித்து மாடியில் இருக்கும் பரிசோதனை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுடைய வேலை நிலக்கடலையைத் தேடுவது.

அந்தத் தொழிற்சாலையில் காலையில் நிலக்கடலை பிஸ்கட் ஓடும். பிறகு அதே பெல்ட்டைக் கழுவிவிட்டுச் சாதாப் பால் பிஸ்கட் ஓடும். கடைசியாகக் கழுவிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மாடிக்கு அனுப்புவார்கள். அதில் நிலக்கடலையின் சுவடு இருந்தால் பெல்ட்டை மறுபடி கழுவ வேண்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத உடம்புக்குத் துளி பட்டாலே போதும், உதடு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துவிடும். பால் பிஸ்கட் பாக்கெட்டில் நிலக்கடலை கிடையாது என்று அச்சடித்திருப்பதை நம்பித்தான் அப்படிப்பட்ட பிள்ளையின் அம்மா அதை வாங்குகிறாள்.

பெரியண்ணி அதைக் கண்டுபிடித்து வந்தது ‘கிட்’ வைத்து. குழி குழியாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீரை விட வேண்டும், கழுவ வேண்டும், சாயம் கோத்த திரவத்தை விட வேண்டும், மறுபடி கழுவ வேண்டும், காத்திருக்க வேண்டும். நிலக்கடலை இருந்தால் குழி நீலமாகும். நீலம் வருகிறதா இல்லையா என்று தெரிய வெகு நேரம் பிடிக்கும். அதுவரை கீழே பேக்கிங் பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்துவார்கள்.

“என்னம்மா, மேல சமையலா நடக்குது? வெந்துச்சா இல்லையா?”

சின்னண்ணி கல்யாணமாகி வந்தபோது அவளும் அறிவியல் படித்தவள் என்று தெரிந்ததும் பெரியண்ணிதான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். அந்த மேற்பார்வையாளருக்கு ‘அவசரம்’ என்று பெயர். எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது, சின்னண்ணியை எடுத்துக்கொண்டார்கள். என் ஓரகத்தி, நான் சேர்த்துவிட்டவள் என்று பெரியண்ணி கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அங்கே இருவருக்கும் பெரியம்மா, சின்னம்மா என்றே பெயராகிவிட்டது.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பெரியண்ணிக்கு எப்போது கேட்டாலும் கையுறை ஒரு அளவு பெரிதாகத்தான் கிடைக்கும். சின்னண்ணிக்கு ஸ்டோர்காரர் சரியான அளவைத் தேடி எடுத்து வைத்திருந்தார். சின்னண்ணி திரவத்தை உறிஞ்சும் பிப்பெட்டில் எடுத்தால் குமிழி வராது. சின்னண்ணியை மாலையில் சின்ன அண்ணன் ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போவான். பெரியண்ணி பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் அம்மா வேறு.

“சின்னவ கை பட்டா ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. எண்ணெய் மாத்தினாக்கூடப் பாரு, பாட்டில் மேல வழியல.”

“புனல் வைச்சு ஊத்தினா யாருக்கும் வழியாது அத்தை.”

“நீ புனல் வைச்சே வழிய விட்டியே பெரியவளே, போன வாரம்.”

இந்த நேரத்தில்தான் அந்தக் கருவி வந்தது.

ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதைச் செய்த இளைஞரே தூக்கிக்கொண்டு வந்தார். செருப்பு டப்பா அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் அலுமினியச் சட்டத்தில் சிவப்பு விளக்கு, நடுவில் முக்கோணக் கண்ணாடி, அதன் மேல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. சில்லின் மேல் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் ஓடும். பக்கத்தில் ஒரு திரை. அவரை அவர்கள் இன்ஜினியர் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“இதுக்குச் சாயம் வேண்டாம், நிறம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம்,” என்றார் அவர். “சில்லு மேல தங்கம் பூசியிருக்கு. கீழ இருந்து வெளிச்சம் அடிக்கிறோம். கண்ணாடியில பட்டுத் திரும்பி வரும். ஆனா ஒரே ஒரு சாய்வுல மட்டும் திரும்பி வராது, தங்கம் முழுங்கிடும். அந்த இடம் மட்டும் இருட்டாத் தெரியும். தங்கத்து மேல ஏதாவது வந்து உக்காந்தா, அந்த இருட்டு கொஞ்சம் நகரும். எவ்வளவு நகருதோ, அதைத்தான் திரையில கோடாப் பார்க்கிறீங்க. ஒண்ணும் வரலேன்னா கோடு படுத்திருக்கும். வந்தா ஏறும்.”

“தங்கம்னா எத்தனை பவுன்?” என்றாள் பெரியண்ணி.

“பவுனா! ஒரு தலைமுடியை ஆயிரமாக் கிழிச்சா வருமே, அந்தக் கனம்கூட இல்ல.”

“அப்போ என் தோடே தேவலை.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணி அடுத்த கேள்வியை நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அதற்குள் சின்னண்ணி மெதுவாகக் கேட்டுவிட்டாள்.

“வந்து உக்கார்றது நிலக்கடலைதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

இன்ஜினியர் தம்பி நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். “நல்ல கேள்வி. அதுக்குத் தெரியாது. யாரோ வந்தாங்கன்னுதான் தெரியும். யாருன்னு தெரியாது. அதனால, நிலக்கடலைப் புரதத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிற ஆன்டிபாடியைத் தங்கத்து மேல முன்னாடியே ஒட்டி வைச்சிருக்கோம். மத்ததெல்லாம் தண்ணியோட போயிடும், இது மட்டும் தங்கும்.”

“அதே கேள்விதான் எனக்கும்,” என்றாள் பெரியண்ணி. யாரும் காதில் வாங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: “சத்தியமாச் சொல்றேன், அது என் கேள்வி. என் வாயில இருந்து எடுத்துக்கிட்டா.”

அவசரம் சார் அன்றைக்கே அறிவித்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிப் பழக வேண்டும். மாதக் கடைசியில் இன்ஜினியர் தம்பி வந்து பார்ப்பார். ஒருவருக்குத்தான் முறையான பயிற்சி, ஒருவருக்குத்தான் கருவி. மற்றவர் பழைய கிட்டையும் பிஸ்கட் ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்வார்.

பெரியண்ணிக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று ஆகிவிட்டது. எத்தனையோ வருடமாக நீலத்தைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனவள் அவள். அந்த அறைக்கு யார் முதலில் வந்தது? தன்னால் உள்ளே வந்தவள் அந்த நாற்காலியில் உட்கார, தான் பக்கத்தில் பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருப்பதா? “அதைவிட நான் பேக்கிங்குக்கே போயிடுவேன்,” என்றாள்.

முதல் சில நாட்களிலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. பெரியண்ணி ஓட்டும் நாளில் கோடு ஒழுங்காகப் படுத்துக் கிடந்தது. சின்னண்ணி ஓட்டும் நாளில் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக, மேட்டில் ஏறும் மாட்டுவண்டி மாதிரி ஏறி, சிவப்புக் குறியைத் தாண்டிவிடும். உடனே கீழே பெல்ட்டை மறுபடி கழுவுவார்கள். பெரியண்ணி அதே தண்ணீரைக் கிட்டில் போட்டுப் பார்த்தால் நீலம் வராது. இல்லாத நிலக்கடலையைக் கருவி பார்த்திருக்கிறது, அதுவும் சின்னண்ணி கையில் மட்டும்.

சின்னண்ணி சில்லைத் துடைத்தாள். குழாயை மாற்றினாள். தொலைபேசியில் இன்ஜினியர் தம்பி சொன்னபடி குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதுவும் இல்லை. மறுபடி ஏறியது. பேக்கிங் பெண்கள் அவளுக்கு ‘ஏறுமுகம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“இன்னைக்கு ஏறுமுகம் டூட்டியா? அப்போ பாயை விரிங்கடி, படுக்கலாம்.”

சின்னண்ணி சிரிப்பாள். ஆனால் வீட்டில் தேநீர் வடிகட்டும்போது ஒரு நாள் சிந்தினாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பெரியண்ணி மட்டும் ஓடிப்போய்த் துணி எடுத்து வந்து துடைத்தாள். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாத்திரம் தேய்த்தாள், தேய்க்கும்போது பாடினாள்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பெரியண்ணி துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். நிறுத்தாமல் பேசுவாள். பெரியண்ணி கருவியில் இருந்த ஒரு நாள், சின்னண்ணி விடுப்பில் இருந்தாள். ரேடியோ துடைப்பத்தோடு உள்ளே வந்து, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைந்து, கருவியின் மேல் குனிந்தாள்.

“இதுலதான் தங்கம் இருக்குங்கிறாங்களே, எங்கம்மா? சிவப்பா மினுங்குதே, அதுவா?”

“தள்ளிப் போ ரேடியோ, மேல விழுந்துடாதே.”

“விழுந்தா தங்கத்து மேலதானே விழுவேன்.”

பெரியண்ணி சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கோடு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது வெறும் சுத்தத் தண்ணீர். ரேடியோ பேசிக்கொண்டே நகர்ந்து ஜன்னல் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கியது.

ரேடியோ போனதும் பெரியண்ணி கதவைச் சாத்தினாள். நாற்காலியை விட்டு எழுந்து அதே சந்துக்குப் போய் நின்றாள். விளக்கைப் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கோடு ஏறியது. விலகினாள், இறங்கியது. உள்ளங்கையைச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், இன்னும் வேகமாக ஏறியது.

அந்தச் சந்தில் வேறு யாரும் நிற்பதில்லை. அங்கிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவளின் தோளுக்கு மேலாகத் திரை நன்றாகத் தெரியும். சின்னண்ணி ஓட்டும் நாளெல்லாம் பெரியண்ணி நின்றது அங்கேதான். நெருங்கி நின்று, குனிந்து, எப்போது தப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியண்ணி ஓட்டும் நாளில் சின்னண்ணி அந்தப் பக்கமே வரமாட்டாள். தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் கழுவுவாள்.

“அப்போ எப்படி இருந்துச்சு அண்ணி?” என்று கேட்டேன்.

பெரியண்ணி ஒரு சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “உண்மையைச் சொல்லவா? முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. அவ கை நல்ல கைதான்னு ஆயிடுச்சேன்னு கோவம்.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இன்ஜினியர் தம்பி வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த நாள் சின்னண்ணி உட்கார்ந்தாள். பெரியண்ணி தூரத்தில் நின்றாள். கோடு படுத்துக் கிடந்தது. அசையவில்லை. பெரியண்ணி ஓட்டும் நாட்களில்கூடக் கோட்டில் சின்னச் சின்ன நடுக்கம் இருக்கும். இதில் அதுவும் இல்லை. அவசரம் சார் எட்டிப் பார்த்து, “அட, இன்னைக்கு அம்மா கை செட் ஆயிடுச்சு போலயே!” என்றார். சின்னண்ணியின் காது மடல் வரை சிவந்து, முகமெல்லாம் பல்லாக இருந்தது.

பெரியண்ணி நடந்து போய்ச் சந்தில் நின்றாள். சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கோடு ஏறியது. சின்னண்ணியின் முகம் அணைந்தது.

“அக்கா, மறுபடியும் வருதே.”

“பரவால்ல விடு. போகப் போகப் பழகிடும்,” என்றாள் பெரியண்ணி.

அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது சட்டையை மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் பேசினாள். “பழகிடும்னு சொன்னேன்டீ. அவ தோளைத் தட்டி வேற கொடுத்தேன். தட்டின கை எது தெரியுமா? அதே கை.”

அதற்குப் பிறகு அவள் அந்தச் சந்துக்குப் போகவில்லை என்கிறாள். போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோர் மனதிலும் அது பதிந்துவிட்டது: சின்னம்மா ஓட்டினால் சும்மா ஏறும். அடுத்து அவள் முறை வந்தபோதெல்லாம் கோடு படுத்திருந்தது, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. அவசரம் சார் மாதக் கடைசிக்கு முன்பே பெரியண்ணியிடம் சொல்லிவிட்டார், “நீங்கதான் உக்காரப் போறீங்க, பெரியம்மா.”

மாதக் கடைசி வந்தது. இன்ஜினியர் தம்பி பிற்பகலில் வருவதாக இருந்தது. அன்று சின்னண்ணி முறை. பெரியண்ணி கீழே ஸ்டோரில் இருந்தாள். பழைய கிட் தட்டுகள், திரவப் பாட்டில்கள், அளவுக் குவளைகள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை முதல் அவை சின்னண்ணியுடையவை. உடைந்த மூடி ஒன்று இருந்தது, அதையும் போட்டாள்.

பெட்டியைச் சுமந்துகொண்டு மாடி ஏறினாள். கீழே பெல்ட் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அறைக்குள் அவசரம் சார் தொலைபேசியை வைத்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா சார்?”

“ஆச்சு ஆச்சு. மாவு இறங்கிடுச்சு. லாரி காத்துக்கிட்டிருக்கு, அவசரம்.”

பெரியண்ணி திரையைப் பார்த்தாள். கோடு சிவப்புக் குறிக்கு மேலே இருந்தது. மாட்டுவண்டி ஏற்றம் இல்லை. ஒரே தாவலாக ஏறி, மேலே போய் வளைந்து, சமமாக நின்றிருந்தது. சில்லின் மேல் இப்போது சுத்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோடு இறங்கவில்லை.

“ஏறியிருக்கே,” என்றாள்.

சின்னண்ணி தலையைத் தூக்கவில்லை. “சும்மாதான்க்கா. என் கைதான். சார்கிட்டயும் நானே சொல்லிட்டேன்.”

“இங்க யார் வந்து நின்னது?”

“யாரும் வரலையே.”

“ரேடியோ வந்தாளா?”

“இல்லக்கா. நான் மட்டும்தான் இருந்தேன். ஏன்?”

பெரியண்ணி பெட்டியை இறக்கி வைக்கவில்லை. சந்து காலியாக இருந்தது. தானோ கீழே ஸ்டோரில் இருந்திருக்கிறாள். அப்படியென்றால் தங்கத்தின் மேல் நிஜமாகவே ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையில், அந்தத் தொழிற்சாலையில், அது தெரிந்த ஒரே ஆள் அவள்.

மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா? பாட்டிலில் தண்ணீர் இல்லை. கழுவிய தண்ணீரும் சாக்கடைக்குப் போயாகிவிட்டது. பிஸ்கட்டையே எடுத்துக் கிட்டில் போட்டுப் பார்க்கலாமா? நீலம் வருவதற்குள் லாரி போய்விடும். எதற்கும் ஒரு தடவை நிறுத்துங்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“சார், பெல்ட்டை நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு.”

“என்ன பெரியம்மா நீங்களே இப்படிச் சொல்றீங்க? இவங்க ஓட்டினா ஏறும்னு எனக்குச் சொன்னதே உங்க கிட்டுதானே? எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திக் கழுவுறது? மேல இருந்து என்னைத் திட்டுறாங்க.”

“ஆமாக்கா, விடுங்க,” என்றாள் சின்னண்ணி. “இன்னைக்கோட நான் எழுந்துக்கிறேன். நாளையில இருந்து இந்தத் தொல்லை இருக்காது.”

கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே பார்த்தால் பால் பிஸ்கட் வரிசை வரிசையாக அடுப்புக்குள் போவது தெரிந்தது. பேக்கிங் பெண்கள் எழுந்து தலைக்கு வலை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சார்,” என்றாள் பெரியண்ணி. குரல் அவளுடையதாக இல்லை என்று சின்னண்ணி பிறகு என்னிடம் சொன்னாள். “அது பொய்யா ஏறுறது அவ கையால இல்ல. நான் பக்கத்துல நின்னா ஏறும். என் உடம்புச் சூட்டுக்கு ஏறும். இன்னைக்கு நான் இங்க இல்ல. அதனால இது நிஜம். நிறுத்துங்க.”

“நீங்க நின்னா ஏறுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நின்னு பார்த்தேன்.”

“எப்போ?”

பெரியண்ணி பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு, அவர் கையைத் தாண்டித் தொலைபேசியை எடுத்துத் தானே கீழே சொன்னாள்.

பெல்ட்டை நிறுத்தி, தட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். பெல்ட்டின் அடியில் மாவை வழித்தெடுக்கும் தகட்டுக்குப் பின்னால், கழுவும் குழாய் எட்டாத மூலையில், நிலக்கடலைப் பசை காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டு ஊறி, ஓரங்கள் இளகத் தொடங்கியிருந்தன. அடுப்புக்குள் போனதையெல்லாம் குப்பைக்கு அனுப்பினார்கள். லாரி காலியாகத் திரும்பியது.

பிற்பகலில் இன்ஜினியர் தம்பி வந்தார். பெரியண்ணி சந்தில் நின்று, சட்டத்தில் கை வைத்துக் காட்டினாள். அவசரம் சார், சின்னண்ணி, வாசலில் ரேடியோ, எல்லோர் முன்னிலையிலும் காட்டினாள். கோடு ஏறியது.

“இது தெரிஞ்ச விஷயம்தாங்க,” என்றார் அவர். “சூடு பட்டா சட்டம் துளி விரியும், வெளிச்சத்தோட சாய்வு மாறிடும். அதுக்குத்தானே மூடி கொடுத்தேன். மூடி எங்க?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழாயில் குமிழி தெரிய வேண்டும் என்று முதல் நாளே கழற்றி வைத்த மூடியில் பேனாக்களும் கத்தரிக்கோலும் அரை பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தன.

“அடுத்த மாடல்ல பக்கத்திலேயே இன்னொரு கண்ணு வைப்போம்,” என்றார் அவர் பேனாக்களை எடுத்து வைத்துக்கொண்டே. “அதுல ஒண்ணும் ஒட்டி வைக்க மாட்டோம். இதுல வர்றதுல இருந்து அதுல வர்றதைக் கழிச்சா, சூடெல்லாம் போயிடும். நிஜம் மட்டும் நிக்கும்.”

கருவி சின்னண்ணிக்குப் போனது. அவசரம் சார் அதை நீட்டி முழக்காமல் சொன்னார். “பெரியம்மா, நீங்க கிட் பக்கமே இருங்க.” தரையில் போட்ட பெட்டியைப் பெரியண்ணி தானே மறுபடி எடுத்துப் பிரித்து, தட்டுகளைப் பழைய அலமாரியில் அடுக்கினாள். உடைந்த மூடியும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

அன்று மாலை சின்னண்ணி ஸ்கூட்டரில் முன்னால் வந்துவிட்டாள். பெரியண்ணி பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசித்தேன். கத்தியோடு எழுவது இன்னும் மோசமாக இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

“எத்தனை தடவைக்கா?” என்றாள் சின்னண்ணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

“தெரியாம நின்னது எத்தனையோ. தெரிஞ்சு நின்னது ஒரு தடவை.”

“எந்தத் தடவை?”

“உன் தோளைத் தட்டினேனே, அன்னைக்கு.”

சின்னண்ணி அடுப்பை அணைத்தாள். “அன்னைக்குத்தான் பாத்ரூம்ல போய் அழுதேன். நீங்க ஆறுதல் சொன்னீங்களேன்னு நினைச்சு இன்னும் அழுதேன்.”

கூடத்திலிருந்து அம்மா, “என்னடி அங்க சத்தத்தையே காணோம்?” என்றாள். வழக்கமாகச் சத்தம் வந்தால்தான் கேட்பாள்.

“ஒண்ணும் இல்ல அத்தை,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பல வாரங்கள் சின்னண்ணி அவளிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. வீட்டில் ஒருவருக்கொருவர் என் மூலமாகப் பேசினார்கள். “உப்பு போட்டாச்சான்னு கேளு.” “போட்டாச்சுன்னு சொல்லு.” இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் நிற்பார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும், சிரிக்க மாட்டேன்.

பரிசோதனை அறையில் கருவிக்கு மூடி போட்டு, அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப்பும் ஒட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்து ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக் கூடாது. ஒட்டியவள் பெரியண்ணி. இன்ஜினியர் தம்பி சொன்ன தூரத்தைவிட ஒரு சாண் தள்ளியே ஒட்டினாளாம். ரேடியோ கூட்டும்போது அந்த எல்லைக்கு வெளியே நின்று, “உள்ள வரலாமா மகாராணி?” என்று அனுமதி கேட்கிறாளாம்.

நேற்று மாடியில் துணி எடுக்கும்போது பெரியண்ணி என்னிடம் வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள், பேச ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

“இன்னைக்குப் பார்த்தேன்டீ. டேப்புக்கு வெளியில நின்னுதான் பார்த்தேன். அவ கோடு எப்படி இருக்கு தெரியுமா? தட்டுல வைச்ச தண்ணி மாதிரி இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. நான் ஓட்டின அத்தனை நாள்ல ஒரு நாள்கூட எனக்கு அப்படி வரல.”

“அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன். நல்லா வருதுன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ ‘அக்கா, டேப்பை மிதிக்கிறீங்க’ன்னா.”

பெரியண்ணி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி, உதறி, மடித்தாள். அது சின்னண்ணியுடைய துண்டு. அதைத் தன்னுடையதைவிட நேர்த்தியாக மடித்துக் கூடையின் மேலாக வைத்தாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க எரியுதுடீ இன்னும். அப்படியே இருக்கு, துளிகூடக் குறையல. நல்லவேளை, மூடி போட்டுட்டாங்க.”